நிலைக்கதவும் நிலைக்கிற காடும்

சித்தப்பா மகன் காரைக்குடிப் பக்கத்தில் வீடு கட்டுகிறான். தை பிறந்த கையோடு ரங்கூனுக்குப் போன் போட்டான். "அண்ணே, நீங்க தேக்குக் காட்டுலயே குடியிருக்கீங்க. தலைவாசல் நிலைக்கு மட்டும் பர்மாத் தேக்கு அனுப்பி வைக்க முடியுமா? இங்க மரவாடியில 'ஒரிஜினல் பர்மா'ன்னு சொல்லி கானா தேக்கைத் தலையில கட்டுறானுங்க."

நான் இருப்பது ரங்கூனின் நடு ஊரில். காளியம்மன் கோயில் மணி காதில் விழும் தூரம். எங்கள் அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் அலுமினியம், கதவு ஒட்டுப்பலகை. தேக்கு என்று பார்த்தால் அம்மாவின் பழைய பெட்டி ஒன்றுதான். இதைச் சொன்னால் அவன் நம்பவில்லை. "என்னண்ணே, மீன்காரி வீட்டுல மீன் இல்லேங்கிற மாதிரி!" என்றான்.

அவனுக்குப் போனில் சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். 'நீடித்த மர வணிகம்' என்று செய்தித்தாளில் வருகிறதே, அது என்ன? காரைக்குடியில் நிலை வாங்குகிறவனுக்கும் பர்மாவின் பெகு யோமா மலையில் நிற்கிற மரத்துக்கும் என்ன சம்பந்தம்? அவன் வாங்கினாலோ, வாங்காமல் விட்டாலோ காட்டுக்கு ஏதாவது ஆகுமா?

முதலில் கருத்து. நம் ஆட்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு காலத்தில் ரங்கூன் மொகல் தெரு முழுக்க, வட்டித் தொழில் செய்த செட்டியார்களின் கிட்டங்கிகள். அங்கே பையனாய் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கும் பாடம், முதல் பணத்தில் கை வைக்காதே, வட்டியில் சாப்பிடு என்பது. காடும் அப்படித்தான். நிற்கிற மரமெல்லாம் முதல். ஒரு வருடத்தில் அந்தக் காடு எவ்வளவு பருக்கிறதோ அது வட்டி. வட்டியளவு வெட்டினால் காடு அப்படியே இருக்கும், பேரன் காலத்திலும் வெட்டலாம். அதற்கு மேல் வெட்டினால் முதலைத் தின்கிறோம். நீடித்த மர வணிகம் என்பதன் வேர் இவ்வளவுதான். இதோடு காட்டில் வாழ்கிறவர்களின் உரிமை, விலங்குகள், ஆறு, மண் எல்லாம் சேரும். ஆனால் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது.

உலகத்துக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்த இடங்களில் பர்மாவும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. 1856இல் டீட்ரிக் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் பெகு காடுகளின் பொறுப்புக்கு வந்தார். காட்டில் எத்தனை தேக்கு நிற்கிறது என்றே யாருக்கும் தெரியாத காலம். அவர் யானை மேல் ஏறிக் காட்டை நேர்கோட்டில் கடந்து போவார். கையில் மூங்கில் துண்டுகள் இருக்கும். கண்ணில் படுகிற ஒவ்வொரு தேக்குக்கும், அதன் பருமனைப் பொறுத்து, உரிய மூங்கிலில் கத்தியால் ஒரு வெட்டு. சாயங்காலம் கூடாரத்தில் உட்கார்ந்து வெட்டுகளை எண்ணினால் அந்தப் பகுதியில் பெரிய மரம் எத்தனை, இளசு எத்தனை என்று தெரிந்துவிடும். பால்காரர் சுவரில் கோடு போட்டு வைக்கிற கணக்குப் போலத்தான். அந்த எண்ணிக்கையிலிருந்து, சின்ன மரம் பெரிதாக எத்தனை ஆண்டு ஆகும் என்று பார்த்து, ஆண்டுக்கு எத்தனை வெட்டலாம் என்று வரம்பு கட்டினார்.

அதிலிருந்து வளர்ந்த முறை இன்றைக்கும் மியன்மார் வனத்துறையின் ஏட்டில் இருக்கிறது. காட்டை முப்பது பங்காகப் பிரி. ஆண்டுக்கு ஒரு பங்கில் மட்டும் வெட்டு. அங்கேயும் குறிப்பிட்ட சுற்றளவைத் தாண்டிய மரத்தை மட்டும் எடு. ஈரப்பசை உள்ள நல்ல காட்டில் நெஞ்சு உயரத்தில் ஏழரை அடிச் சுற்றளவு என்பது பழைய அளவு. அவ்வளவு பருக்க ஒரு தேக்குக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். மற்றதை விட்டுவிட்டுப் போ, முப்பது வருடம் கழித்துத் திரும்பி வா.

வெட்டுவதிலும் ஒரு நிதானம் இருந்தது. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. அதனால் தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில் பட்டையையும் அதற்கடுத்த வெளுப்பு மரத்தையும், உள்ளே இருக்கிற கெட்டியான வைரம் வரை சுற்றிலும் வெட்டி, நின்ற நிலையிலேயே சாகவிட்டு, மூன்று ஆண்டு காயவிடுவார்கள். பிறகுதான் கோடரி. யானை அதை ஓடைக்கு இழுத்து வரும். மழைக்கால வெள்ளம் ஓடையிலிருந்து ஆற்றுக்குக் கொண்டுபோகும். தெப்பமாகக் கட்டி ஐராவதியிலோ சித்தாங்கிலோ விட்டால் ரங்கூன் மரஆலை வரை வந்து சேரும். மலையிலிருந்து வாசல் வரை ஒரு மரம் வர ஐந்தாறு வருடம் ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை. காட்டுக்குள் பெரிய சாலை போடாததால் இந்த முறையில் சேதமும் குறைவு. லாரியும் புல்டோசரும் வந்த பிறகுதான் ஒரு மரத்துக்காகப் பத்து மரம் சாய்கிற கதை ஆரம்பித்தது.

ஒரு சின்ன விலகல். பர்மியர் இந்த மரத்தை 'ச்யூன்' என்பார்கள். ஆங்கிலேயன் சொல்கிற 'டீக்' நம்முடைய தேக்குதான். மலையாளக் கரையில் போர்த்துகீசியர் காதில் விழுந்து, 'தேக்கா' ஆகி, அங்கிருந்து போனது. மரம் இவர்களுடையது, பெயர் நம்முடையது, லாபம் பெரும்பாலும் மூன்றாவது ஆளுடையது.

பிராண்டிஸின் முறையை அப்படியே புகழ்ந்துவிடவும் முடியாது. மலையில் காடு எரித்துப் பயிர் செய்த கரென் மக்களை, பயிருக்கு நடுவே தேக்கு நட வைத்து, மரம் வளர்ந்ததும் இடம் மாறச் சொன்ன ஏற்பாடும் அதில் அடக்கம். 'தவுங்யா' என்ற அந்தப் பர்மியச் சொல் இன்று உலக வனவியல் பாடப் புத்தகங்களிலெல்லாம் இருக்கிறது. நட்டவர்களுக்கு மரம் சொந்தமாகவில்லை. தேக்குக் கணக்கு சுத்தமாக இருந்ததாலேயே எல்லாம் நியாயமாக இருந்தது என்று ஆகிவிடாது. 1885இல் ஒரு பிரிட்டிஷ் மரக் கம்பெனி கணக்கில் காட்டியதைவிட அதிகத் தடி எடுத்தது என்று மண்டலேயிலிருந்த பர்மிய அரசவை அபராதம் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் வெள்ளைக்காரப் படை ஆறு வழியாக ஏறி வந்து பர்மாவின் கடைசி மன்னர் தீபாவைப் பிடித்துக்கொண்டு போனது. பிரெஞ்சுக்காரர் மேலிருந்த பயம் போன்ற பெரிய காரணங்களும் அதற்கு உண்டு. இருந்தாலும் சாக்குச் சொல்ல ஒரு தேக்குத் தகராறு போதுமாக இருந்தது.

இவ்வளவு நல்ல கணக்கு எப்படிக் கெட்டது? அரசுக்கு அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோதெல்லாம் வட்டி போதவில்லை. முப்பது வருடம் கழித்து வரவேண்டிய பங்குக்கு முன்னாலேயே திரும்பி வந்தார்கள். வரம்புக்கு மேல் வெட்டினார்கள். ஏட்டில் முறை அப்படியே இருந்தது, காட்டில் இல்லை. இதில் நமக்கு முக்கியமான பாடம், வாங்குகிறவர்களின் பக்கத்திலிருந்து வருகிறது.

1988 நவம்பரில் தெற்குத் தாய்லாந்தில் பெருமழை. மொட்டையடித்த மலைகளிலிருந்து சேறும் வெட்டிப்போட்ட தடிகளுமாக வந்து ஊர்களை மூடியது. நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். 1989 ஜனவரியில் அந்த நாடு தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதையே தடை செய்தது. நல்ல காரியம்தான். ஆனால் தாய்லாந்து மரஆலைகளின் பசி தடையோடு அடங்கவில்லை. எல்லை தாண்டி பர்மாவின் கிழக்குக் காடுகளில் வெட்டும் உரிமம் வாங்கினார்கள். பத்து வருடத்தில் அதே கதை வடக்கே நடந்தது. 1998இல் யாங்சி ஆற்றில் பெருவெள்ளம், சீனா தன் இயற்கைக் காடுகளில் வெட்டுக்குத் தடை போட்டது, பர்மாவின் வடக்கே கச்சின் மலைகளிலிருந்து லாரி லாரியாக மரம் சீன எல்லைக்குள் போனது. ஒருவன் தன் கொல்லை மரத்தைக் காப்பாற்றிக்கொண்டு அடுத்தவன் கொல்லையில் கோடரியைப் போட்டான். துறைக்காரர்கள் இதைக் 'கசிவு' என்கிறார்கள். தேவை குறையாமல் தடை மட்டும் வந்தால் வெட்டு இடம் மாறும்.

உலக உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி 2010 முதல் 2015 வரை மியன்மார் ஆண்டுக்குச் சராசரி 5,46,000 ஹெக்டேர் காடு இழந்தது. ஏக்கரில் சொன்னால் பதின்மூன்று லட்சத்துக்கு மேல். பிரேசிலுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து உலகில் மூன்றாம் இடம். 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுத் தடி ஏற்றுமதிக்குத் தடை வந்தது, அறுத்த மரம் மட்டும் போகலாம். 2016இல் நாடு முழுக்க ஓராண்டு வெட்டு நிறுத்தம், பெகு யோமாவில் பத்தாண்டு. மர வேலை யானைகளுக்கு அப்போது திடீரென்று வேலை போனது. யானை சும்மா நின்றாலும் தீனி குறையாது என்பது தடை போட்டவர்களுக்கு அப்புறம்தான் உறைத்தது.

இனி சித்தப்பா மகனின் நிலைக்கு வருவோம். 'இது நல்ல மரம்தானா?' என்று அவன் எப்படித் தெரிந்துகொள்வது? ஆசாரியைக் கேட்டால் வைரம் பாய்ந்ததா, வெளுப்பு எவ்வளவு, வரி நேராக ஓடுகிறதா என்று விரலால் தட்டியே சொல்லிவிடுவார். எந்தக் காட்டில், யார் அனுமதியில் வெட்டியது என்பதை மரம் சொல்லாது. அதற்குத்தான் தாள்கள்.

காட்டில் வெட்டிய தடியின் முனையில் சுத்தியலால் முத்திரை அடிப்பார்கள். வனத்துறைக்கு ஒரு குறி, மர நிறுவனத்துக்கு ஒரு குறி, எண். கிடங்கில் இன்னொரு பட்டியல், ஆலையில் இன்னொன்று, துறைமுகத்தில் இன்னொன்று. ஒவ்வொரு கை மாறும்போதும் அந்தத் தாள் முந்தைய தாளோடு பொருந்த வேண்டும். இதைக் கைமாற்றுச் சங்கிலி என்று வைத்துக்கொள்ளுங்கள். தடி அறுபட்டதுமே சுத்தியல் குறி போய்விடுகிறது. ஆலைக்குள் பத்துக் காட்டு மரம் ஒன்றாகக் கலக்கிறது. வெளியே வரும் பலகைக்கு அடிமரம் எது என்று கேட்டால் மேலாளர் சிரிப்பார். சங்கிலி அறுவது பெரும்பாலும் இங்கேதான்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம்மூரில் சொல்வார்கள். 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மரச் சட்டம் கிட்டத்தட்ட இதைத்தான் சொன்னது. ஒன்றியத்துக்குள் மரத்தை முதலில் கொண்டுவருகிறவன், அது சட்டப்படி வெட்டியதா என்று தீர விசாரித்திருக்க வேண்டும். விற்றவன் கொடுத்த சான்றிதழைக் காட்டித் தப்ப முடியாது. 2016இல் ஸ்வீடன் நீதிமன்றம் ஒன்று மியன்மார்த் தேக்கு இறக்குமதி வழக்கில் இதையே தீர்ப்பாகச் சொன்னது. அரசு மர நிறுவனம் கொடுத்த கடிதம் மட்டும் போதாது, எந்தக் காட்டில் யார் வெட்டியது என்று தெரிய வேண்டும் என்றது. அமெரிக்காவில் 1900இலிருந்தே உள்ள லேசி சட்டத்தை 2008இல் விரித்து மரத்தையும் சேர்த்தார்கள். திருட்டு மரத்தை வாங்குவதே அங்கே குற்றம்.

சட்டம் கேட்பது 'திருட்டா, இல்லையா' என்பதை. காடு நன்றாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) போன்ற சான்றளிப்பு அமைப்புகள் இருக்கின்றன. வெளியாள் ஒருவர் காட்டுக்கே போய்ப் பார்த்து, வெட்டு அளவு, தொழிலாளர் நிலை, அங்கு வாழும் மக்களின் உரிமை ஆகியவற்றைச் சோதித்துச் சான்று தருவார். பலகையிலோ பெட்டியிலோ மரமும் டிக் அடையாளமும் சேர்ந்த சின்னம் இருக்கும். நோட்டுப் புத்தக அட்டையிலும் அதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் எழுதியிருப்பதையும் படிக்க வேண்டும். '100%' என்றால் முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம். 'மிக்ஸ்' என்றால் கலவை. 'ரீசைக்கிள்டு' என்றால் பழைய பொருளிலிருந்து செய்தது. சின்னமே கடவுள் இல்லை. சோதிக்க வருகிறவருக்குச் சம்பளம் கொடுப்பவர் சான்று கேட்கிற கம்பெனிக்காரரேதான் என்ற குறை ரொம்ப நாளாக இருக்கிறது. இருந்தாலும் ஒன்றுமே கேட்காமல் வாங்குவதற்கு இது மேல் என்பது என் எண்ணம்.

அப்படியானால் வெப்பமண்டல மரமே வேண்டாம் என்று விட்டுவிட்டால் வேலை முடிந்ததா? 1980களில் ஐரோப்பாவில் இதைத்தான் செய்து பார்த்தார்கள். கடை வாசலில் மறியல், நகராட்சித் தீர்மானம் என்று புறக்கணிப்பு வளர்ந்தது. ஆஸ்திரியா 1992இல் வெப்பமண்டல மரத்துக்கு மட்டும் கட்டாய அடையாளச் சீட்டு என்று சட்டம் போட்டது. மலேசியாவும் இந்தோனேசியாவும் பாய்ந்தன. "உங்கள் ஊசியிலைக் காட்டு மரத்துக்குச் சீட்டு வேண்டாமா?" என்று கேட்டன. அடுத்த ஆண்டே ஆஸ்திரியா பின்வாங்கியது.

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. அதைவிட முக்கியமான ஒரு சிக்கலும் இருக்கிறது. காட்டு மரத்துக்கு விலையே இல்லாமல் போனால் அந்த நிலம் சும்மா கிடக்காது. உலகில் அழியும் காட்டில் ஏறத்தாழ 90 சதவீதம் வேளாண்மை நிலமாவதால் அழிகிறது என்று அதே உணவு வேளாண்மை அமைப்பு 2021இல் சொன்னது. மியன்மாரின் தெற்குக் கோடியில் தனிந்தாரி பகுதிக்குப் போனால் இது கண்ணுக்குத் தெரியும். சமையல் எண்ணெயில் தன்னிறைவு என்று சொல்லி 1999இலிருந்து செம்பனைக்குக் காட்டை ஒதுக்கினார்கள். தேக்கு வேண்டாம் என்று சொன்ன ஐரோப்பியரின் பிஸ்கட்டில் செம்பனை எண்ணெய் இருந்திருக்கும். ஆகவே வாங்க மறுப்பது ஒரு கை. 'சரியாக வெட்டினால் கூடுதல் விலை தருவேன்' என்பது இன்னொரு கை. ஓசை வர இரண்டும் வேண்டும். என் கணிப்பில் முதல் கைக்குத்தான் இதுவரை பழக்கம் அதிகம்.

தனி ஆள் ஒருவரின் நிலைக்கதவு இதில் என்ன செய்துவிடும்? நேராக ஒன்றும் செய்யாது. வாங்குகிறவர்களின் கேள்வி பெரிய வாங்குகிறவர்கள் வழியாகத்தான் காட்டுக்குப் போய்ச் சேரும். பர்மாத் தேக்குக்கு மேற்கே பெரிய கிராக்கி பணக்காரர்களின் உல்லாசப் படகுத் தளத்தில். எண்ணெய்ப்பசை உள்ளதால் உப்புத் தண்ணீரில் அழுகாது, வெயிலில் வெடிக்காது. படகு வாங்குகிறவர் "எங்கே வெட்டியது?" என்று கேட்டால் கட்டுகிறவர் மர வியாபாரியைக் கேட்பார், அவர் ஆலையைக் கேட்பார். சட்டமும் பின்னால் நின்றால் அந்தக் கேள்விக்குப் பல் முளைக்கும்.

2021 பிப்ரவரி 1க்குப் பிறகு இந்தக் கேள்வியோடு இன்னொன்றும் சேர்ந்தது. காசு யாருக்குப் போகிறது? மியன்மாரில் தேக்கு வணிகம் அரசின் மியன்மா டிம்பர் எண்டர்பிரைஸ் கையில். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின் அமெரிக்கா ஏப்ரலிலும் ஐரோப்பிய ஒன்றியம் ஜூனிலும் அந்த நிறுவனத்தின் மேல் பொருளாதாரத் தடை போட்டன. இந்தியா அப்படித் தடை போடவில்லை. அதனால் சித்தப்பா மகன் மரவாடியில் உண்மையான பர்மாத் தேக்கே வாங்கினாலும் அங்கே அது சட்ட மீறலாகாது. முப்பது வருடக் கணக்கைக் கேட்டாலோ, காசின் வழியைக் கேட்டாலோதான் அவனுக்குப் பதில் கிடைக்காது. மூன்றாம் நாட்டு ஆலையில் அறுபட்டு வேறு பெயரில் சுற்றி வருகிற மரமும் உண்டு.

இங்கே இருக்கிற எங்களுக்கு இந்தப் பேச்சு வேறு மாதிரி. நாங்கள் தேக்கு வாங்குவதில்லை, கரி வாங்குகிறோம். மின்சாரம் போனால் ரங்கூனில் பாதி வீட்டில் கரியடுப்புத்தான். உலகில் வெட்டப்படும் மரத்தில் சுமார் பாதி விறகாகவும் கரியாகவும்தான் எரிகிறது. ஐராவதிக் கழிமுகத்துச் சதுப்புநிலக் காடுகள் நெல்லுக்கும் கரிக்கும் கரைந்தன. 2008இல் நர்கீஸ் புயல் மரம் குறைந்துபோன அந்த வழியாகத்தான் வந்தது. எங்கள் தெருக் கரிக்கடை அக்காவிடம் "இது எந்தக் காட்டு மரம்?" என்று ஒருமுறை கேட்டேன். "மூட்டையா, அரை மூட்டையா?" என்று கேட்டார். சான்றளிப்பு முறை இன்னும் இந்தத் தெருவுக்கு வரவில்லை.

கடைசியில் சித்தப்பா மகனுக்கு நான் சொன்ன வழி பழைய மரம். இது எனக்குத் தோன்றியதல்ல, இந்த ஊரே செய்து காட்டியது. மண்டலே பக்கத்து அமரபுராவில் ஏரியைக் கடக்கும் ஊ பெய்ன் பாலம் 1.2 கிலோமீட்டர் நீளம், 1850 வாக்கில் கட்டியது. அதன் தேக்குக் கால்கள் முன்னாள் தலைநகரான ஆவாவின் பழைய அரண்மனையிலிருந்து வந்தவை. மண்டலேயில் தன் தந்தை மிண்டோன் மன்னர் இறந்த அறைக் கட்டடத்தைத் தீபா பிரித்தெடுத்து அரண்மனைக்கு வெளியே மடமாக்கினார். 1945இல் அரண்மனை எரிந்து போனது. பிரித்துக் கொண்டுபோன அந்த மடம் மட்டும் இன்றைக்கும் நிற்கிறது.

காரைக்குடியில் இதற்குத் தெருவே இருக்கிறது. இடித்த வீடுகளின் தூண், உத்தரம், கதவு எல்லாம் விற்பனைக்கு. அவன் போய்ப் பார்த்து ஒரு நிலை எடுத்திருக்கிறான். எண்பது, நூறு வருடத்துக்கு முன் இங்கிருந்து கப்பலில் போன தேக்கு. ஆறு பூச்சுப் பெயிண்ட்டைச் சுரண்டி இழைப்புளி ஓட்டியதும் தோல் வாசனை மாதிரி ஒன்று அடித்ததாம். ஒரு ஓரத்தில் மட்டும் பழைய தாழ்ப்பாள் இருந்த ஓட்டை, அதை ஆசாரி மர ஆப்பு வைத்து அடைத்துவிட்டார்.

"உயரம்தான் நாலு விரல் கூடுதல்ணே. குறைச்சு அறுக்கச் சொல்லவா?"

"அறுக்காதே. சுவரை ஏத்திக் கட்டு."

நிலை வைக்க வைகாசியில் நாள் பார்த்திருக்கிறார்கள்.